கரண்ட் பில்: உங்க வீட்டுக்கு ஏத்த வழி எது?



இன்னைக்கு நாம பேசப்போறது பெரிய விஷயம் இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை நம்ம வீட்டுக் கதவைத் தட்டுற விஷயம்தான், கரண்ட் பில். "அதுல பேச என்ன தம்பி இருக்கு, போனை எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ரெண்டு நிமிஷத்தில் நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பத்தா மேலூர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வெள்ளை அட்டையையும் கட்டிய ரசீதுகளையும் மஞ்சப்பையில் சுருட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். பில் கட்ட ஈ.பி. ஆபீஸ் போனால் பஸ்ஸுக்கு நின்று, கவுண்டர் வரிசையில் நின்று, வீடு திரும்ப மதியமாகிவிடும். "இனிமே நீ அலைய வேணாம் அப்பத்தா, நான் மதுரையில இருந்தே கட்டிடுறேன்" என்றேன். முதல் தடவை கட்டிவிட்டுப் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "சீல் எங்கய்யா?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அடுத்த தடவை செயலியில் மின் இணைப்பு எண்ணை அவசரத்தில் அடித்தேன். கடைசி இலக்கம் மாறிவிட்டது. திரையில் வேறு ஒருவர் பெயர் வந்திருக்கிறது. நான் தொகையை மட்டும் பார்த்து பின் நம்பரைப் போட்டுவிட்டேன். பணம் முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கெடு முடிந்ததும் அப்பத்தா வீட்டில் பியூஸைப் பிடுங்கிவிட்டார்கள். அது அவர்கள் வேலை, தப்பு என்னுடையது. சித்திரை வெயிலில் ஒரு ராத்திரி முழுக்க அப்பத்தா விசிறியோடு திண்ணையில் கிடந்தார். மறுநாள் பில்லோடு மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்டினேன். அன்றைக்குத்தான் அவர் "சீல்" என்று கேட்டதன் அர்த்தம் புரிந்தது. என் பணம் சரியான இடத்தில் சேர்ந்ததற்குச் சாட்சி எங்கே என்பதுதான் அந்தக் கேள்வி.

அதனால் எந்த வழியில் கட்டுவது என்று முடிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு எவ்வளவு நேரமும் காசும் செலவாகும்? கட்டியதற்குச் சாட்சி கையில் இருக்குமா? ஏதாவது தப்பானால் யாரிடம் போய் நிற்பேன்?

கவுண்டர். ரொக்கமாகக் கட்டினால் அப்போதே ரசீது. சந்தேகம் இருந்தால் முகம் பார்த்துக் கேட்கலாம். ஆனால் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவருக்குக் காலை நேரம்தான் கூலி நேரம். வரிசையில் நின்றால் அன்றைய வருமானத்தில் துண்டு விழும். தொகை பெரிதாக இருந்தால் ரொக்கமாக வாங்குவார்களா என்று முன்பே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இ-சேவை மையம். போன் பழக்கம் இல்லாதவர்களுக்கு வசதி. சேவைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, ரசீதை வாங்காமல் நகராதீர்கள்.

மின்வாரியத்தின் இணையதளம், செயலி. பில் தொகை, பழைய ரசீது, கட்டியது பதிவாகிவிட்டதா என்பது எல்லாம் ஒரே இடத்தில் தெரியும்.

யூபிஐ செயலிகள். நம்மில் பலர் கட்டுவது இப்படித்தான். கடைசித் திரையில் பில் தொகைக்கு மேல் ஏதாவது கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

தானாகக் கழியும் ஏற்பாடு. வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்து ஊரில் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் பொருத்தமானது. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தத் தகவலைப் படியுங்கள். ரீடிங் தப்பாக எடுக்கப்பட்டிருந்தால் பிடிக்க வேண்டிய நேரம் அதுதான்.

எந்த வழியானாலும் எண் சரியாக இருக்க வேண்டும். மின் இணைப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். மதுரை மண்டலத்துக்கு 05. அடுத்து பிரிவு அலுவலகம், பிறகு பகிர்மானம், கடைசியில் உங்கள் இணைப்பு. பெரும்பாலும் கோட்டை விடுவது இந்தக் கடைசி இலக்கங்களில்தான். எண்ணை அடித்ததும் திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். பெயர் வீட்டுக்காரருடையதாக இருக்கும், எஸ்எம்எஸ்ஸும் அவருக்கே போகும். அவர் பார்க்க மறந்தால் இருட்டில் இருக்கப்போவது நீங்கள். இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கெடு. கடைசி நாள் வரை தள்ளாதீர்கள்.

பணம் கழிந்துவிட்டது, ஆனால் பில் கட்டியதாகக் காட்டவில்லை. என்ன செய்வது? பதறி உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். முதலில் மின்வாரிய இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். யூபிஐ பரிவர்த்தனை தோற்றுப்போயிருந்தால், வழக்கமாக ஐந்து நாட்களுக்குள் பணம் திரும்ப வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதி. பரிவர்த்தனை எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. "பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று மெசேஜ் வரும். அழைத்தால் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், ஓடிபி கேட்பார்கள். நம்பாதீர்கள். 2016-லிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடும் வீட்டில், 100 யூனிட்டுக்குள் முடிந்தால் கட்ட வேண்டிய தொகையே இருக்காது. அந்த வீட்டுப் பாட்டிக்கும் இதே மெசேஜ் வருகிறது என்றால், அனுப்புகிறவன் யார் என்று புரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் மின்னகம் சேவை எண் 94987 94987-ஐ அழையுங்கள். பணம் பறிபோய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

இப்போதும் அப்பத்தா வீட்டு பில்லை நான்தான் கட்டுகிறேன். ஆனால் கட்டுவதற்கு முன் போன் போட்டு, அட்டையில் உள்ள எண்ணையும் பெயரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி ஒத்துப் பார்க்கிறேன். கட்டிய பிறகு ரசீதைப் பிரிண்ட் எடுத்து, ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதுவும் மஞ்சப்பைக்குள்தான் போகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். இன்றைக்கு அவருடைய வெள்ளை அட்டையை ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பில் வரும்போது உதவும்.