அளந்து பார், அருகில் எழுது
(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)



மூலக்கூறுகளைக் கணிப்பொறியில் அளப்பதும் அவற்றின்மீது குறிப்பெழுதுவதும் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் அறிவியல் பட்டதாரி அல்லேன், வரலாறு படித்தவன். நான் பயின்ற பள்ளியில் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் கருவிகளைத் தொடாமல் சுவரோரம் நின்று பார்க்க வேண்டும். பிறர் அளந்து சொன்ன எண்ணை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண் சரிதானா என்று கேட்க எங்களுக்கு வாயில்லை. அந்தக் குறை நெஞ்சில் கிடந்ததால்தான், என்னிடம் படித்து இன்று கல்லூரியில் வேதியியல் பயிலும் மாணவி ஒருத்தியிடம் கோடை விடுமுறையில் அமர்ந்து இதனைக் கற்றேன். மாணவி எனக்கு ஆசிரியையானாள். அதனைப் பெருமையாகவே கருதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத அணுவை எவ்வாறு அளப்பது என்று நீங்கள் கேட்கலாம். எக்ஸ் கதிர் முதலிய முறைகளால் அறிஞர்கள் ஒவ்வோர் அணுவின் இருப்பிடத்தையும் மூன்று எண்களாகக் கணித்து வைக்கிறார்கள். 1971ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புரதத் தரவு வங்கியில் இத்தகைய பதிவுகள் இரண்டு இலட்சத்துக்கு மேல் உள்ளன. எவரும் விலையின்றிப் பெறலாம். அவற்றைப் படமாக்கிக் காட்டும் அவகாட்ரோ, ஜேமோல் போன்ற மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன.

திரையில் இரண்டு அணுக்களைச் சுட்டினால் இடைத்தூரம் தெரியும். மூன்றைச் சுட்டினால் கோணம். நான்கைச் சுட்டினால் முறுக்குக் கோணம். சுட்டும் வரிசை முக்கியம். நடுவில் சுட்டிய அணுவே கோணத்தின் முனை. நீர் மூலக்கூற்றில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே ஏறத்தாழ 0.96 ஆங்ஸ்ட்ராம், கோணம் 104.5 பாகை. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இரு அணுக்களின் மூன்று எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுகள் 1, 2, 2 என்றால், அவற்றின் வர்க்கங்கள் 1, 4, 4, கூட்டினால் 9, வர்க்கமூலம் 3. இடைத்தூரம் 3 ஆங்ஸ்ட்ராம். நீங்கள் பள்ளியில் படிக்கும் பிதாகரஸ் தேற்றமே இது!

முறுக்குக் கோணத்தின் பெருமையை உலகுக்கு உணர்த்தியது நம் சென்னைப் பல்கலைக்கழகம். அங்கே ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் மோதாமல் வளைய முடியும் என்பதைக் கணித்து 1963இல் வெளியிட்டனர். புதிதாக ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டால், அது சரிதானா என்று அந்த வரைபடத்தில் இட்டுப் பார்க்கும் வழக்கம் இன்றும் உள்ளது.

இனி, குறிப்பெழுதுதல். அளந்த எண் எந்த அணுக்களுக்கு உரியது என்று அருகில் எழுதாவிட்டால் அளந்தும் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அரிவாள் செல் இரத்தசோகை என்பது கொடிய பரம்பரை நோய். அதன் கூறு நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952இலேயே அறிவிக்கப்பட்டது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் வந்துவிடுவதே அதற்குக் காரணம். ஒரே ஓர் எழுத்துப் பிழை ஓலையையே கெடுப்பது போல! ஆனால் மரபணுவின் தொடக்கத்திலிருந்து எண்ணுவோர் அதே இடத்தை ஏழு என்பர். ஆகவே, ‘ஆறு’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சங்கிலி, எங்கிருந்து எண்ணியது என்பதையும் எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. திரை 3.417 என்று காட்டுவதால் மூன்று தசமமும் மெய்யாகிவிடாது. மூலப் பதிவு எவ்வளவு தெளிவோ, அளவும் அவ்வளவே தெளிவு. படத்தில் அருகருகே தோன்றும் இரு அணுக்கள், திருப்பிப் பார்த்தால் முன்னும் பின்னுமாக வெகுதூரத்தில் இருக்கலாம். கண்ணை நம்பாதே, திருப்பிப் பார், அளந்து பார்.

இளைஞர்களே! பிறர் சொன்ன எண்ணை எழுதிக்கொண்ட தலைமுறை எங்களுடையது. நீங்களே அளக்க வேண்டும். அளந்ததை நீங்களே எழுத வேண்டும். கேட்டால் விளக்கவும் வேண்டும். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த வெள்ளி விழாவின் நினைவாக ஒரு கணிப்பொறியை மாலை வேளைகளில் நம் பிள்ளைகளுக்கென ஒதுக்கித் தாருங்கள். ஆணும் பெண்ணுமாக நம் பிள்ளைகள் அதன் முன் அமரட்டும். அவர்களுள் ஒருவரும் இனிச் சுவரோரம் நிற்கலாகாது.