கொத்தாத தோட்டமும் கொல்லாமை நோன்பும்



கற்பக மரங்கள் அருகிப் போன காலத்தில், பசியால் வருந்திய மக்களுக்கு ஆதிநாதர் ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது ஜைன மரபு. அவ்வாறில் உழவையே தமிழ்ச் சமணர் பெரிதும் பற்றிக்கொண்டனர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் உள்ள சமணச் சிற்றூர்கள் நெல்லும் மணிலாவும் விளைவித்த ஊர்கள். அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் கல்விக்காகவும் பணிக்காகவும் சென்னைக்கு வந்துவிட்டனர். அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பம் போன்ற புறநகரில் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சுவது வீட்டைச் சுற்றி நாலடி மண்ணும் ஒரு மொட்டைமாடியும்தான்.

மண்ணைக் கிளறி உயிர்களை வருத்தும் வினை உழவோடு நீங்கிவிட்டது என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. அந்த ஆறுதல் பொருந்துமா என்பதே இங்கு எழும் கேள்வி. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவழியிலும் வினை சேரும் என்பது அறநூல் துணிபு. கோயம்பேட்டிலிருந்து வரும் கத்தரிக்காய்க்காகவும் யாரோ ஒருவர் நிலத்தை உழுதிருக்கிறார், பூச்சிமருந்து தெளித்திருக்கிறார். வாங்கியவர் அந்த வரப்பில் நிற்கவில்லை, வேறுபாடு அவ்வளவே. துன்பம் கண்ணுக்கு மறைந்தது, நீங்கவில்லை. இல்லறத்தார்க்கு ஆரம்ப ஹிம்சையை முற்றும் விலக்குதல் இயலாது. ஆனால் அதனைக் குறைத்தல் இயலும். அதுவே அவர் கடமை.

குறைக்கும் வழி ஒன்றை உலகம் அண்மைக் காலத்தில் வகுத்துள்ளது. 1978ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் பெர்மாகல்ச்சர் என்னும் நிலைத்த வேளாண் முறையை நூலாக வெளியிட்டனர். மண்ணைப் பேணுதல், மக்களைப் பேணுதல், மிகுதியைப் பகிர்தல் என்பன அதன் மூன்று அறங்கள். மூன்றாவதைக் கேட்கும்போதே மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் நினைவுக்கு வரும். 1980களில் மொல்லிசன் இந்தியாவுக்கும் வந்து இம்முறையைப் பயிற்றுவித்தார். ஜகீராபாத் பகுதியின் வறண்ட நிலங்களில் அது வேரூன்றியது. 2017 நவம்பரில் இதற்கான உலக மாநாடு ஐதராபாத்தில் கூடியது. தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூரில் அமைத்த வானகம், வறண்ட மண்ணும் உழைப்பாலும் பொறுமையாலும் உயிர்பெறும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

இம்முறையின் உயிர்நாடி, மண்ணைக் கொத்தாமல் விடுதல். மண்புழு ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர். மண்வெட்டி ஒருமுறை விழுந்தால் எத்தனை உயிர்கள் மடியும் என்று எவரும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆகவே நிலத்தை வெட்டாமல் அதன்மேல் படுக்கை அமைப்பர். புல்லை அறுத்து அங்கேயே கிடத்தி, அதன்மேல் அட்டைப்பெட்டித் தாள்களைப் பரப்பி நீர் தெளிக்க வேண்டும். பின்னர் மட்கிய சாணம், காய்ந்த இலை, காய்கறித் தோல், வைக்கோல் என ஓரடி உயரம் அடுக்க வேண்டும். சில மாதங்களில் படுக்கை தாழ்ந்து மண்ணாகும். உழும் வேலையை மண்புழுவே செய்துவிடும்.

கழிவை மட்க வைத்தால் புழு பூச்சி பெருகாதா என்று அன்னையர் கேட்பது நியாயமே. நெகிழிப் பையில் கட்டி எறிந்த கழிவிலும் அவை பெருகுகின்றன. பின்பு கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பை மேடுகளில் குவிந்து தீப்பற்றும்போது எரிகின்றன. ஈரக்கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு சேர்த்து மூடினால் நாற்றமும் ஈயும் குறையும். அதன்பின் கிளறாமல் விட்டுவிட வேண்டும். அங்கு வாழும் உயிர்கள் தம் போக்கில் வாழும்.

எவற்றை நடுவது என்பதிலும் அறம் உண்டு. கிழங்கைப் பறித்தால் செடியே போகும். முருங்கை, தவசிக்கீரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றைக் கிள்ளக் கிள்ளத் தழைக்கும். அவரையும் பாகலும் புடலும் காயைத் தந்தபின்னும் கொடியாக நிற்கும். இடமில்லாதவர் மாடியில் தொட்டி வைக்கலாம். 2013-14ஆம் ஆண்டில் தமிழகத் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது.

நீரும் ஓரறிவுயிரே, அதை அளந்து செலவிடுதல் சமணர் வழக்கம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் கள்ளிக்குப்பத்துக்கு அருகிலுள்ள புழல் ஏரி வறண்டு தரை தெரிந்தது. இரண்டும் ஒரே நகரம் நான்கு ஆண்டுகளுக்குள் கண்டவை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். நூறு சதுர மீட்டர் மாடியில் மட்டும் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. மூடாக்கு இட்ட மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சிமெண்டுத் தளம் சாக்கடைக்கு அனுப்பிவிடும்.

ஒரு வீடு தனித்துச் செய்வதைவிடப் பல வீடுகள் கூடிச் செய்வது எளிது. ஓர் அறக்கட்டளையின் வெற்றுமனையோ, ஒரு தெருவின் பொது இடமோ போதும். ஒருவர் வீட்டு இலைச்சருகு, இன்னொருவர் வீட்டு விதை, மற்றொருவரின் காலை அரைமணி நேரம் ஆகியவை சேர்ந்தால் தோட்டமாகும். ஊரில் உழுத தாத்தாவும் பாட்டியும் அங்கு ஆசிரியர் ஆவர். மணிலா மண்ணுக்கடியில் காய்க்கும் என்பதை அறியாத பேரன் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

லேச்யைகளை விளக்கும் ஆறு வழிப்போக்கர் கதையை அறியாதார் இல்லை. நாவல் மரத்தைக் கண்டதும் ஒருவன் மரத்தையே வெட்டச் சொன்னான். அடுத்தடுத்தோர் கிளையை, கொம்பை, கொத்தை, பழத்தைக் கேட்டனர். ஆறாமவன் உதிர்ந்த பழமே போதும் என்றான். மரத்தடியில் நிற்கும் அறுவருக்கும் பசி ஒன்றே. கை நீளும் அளவே வேறு. ஆறாமவனாக வாழ விரும்புவோர்க்கு முதலில் ஒரு மரம் வேண்டும். கள்ளிக்குப்பத்து நாலடி மண்ணில் அதை நட இந்தப் பருவமழைக்கு முன்னரே தொடங்கலாம்.