விடை சொன்னவர் யார்?

(நூற்றாண்டு விழா வாரத்தில் உயர்தர வகுப்பு மாணவியருக்கு நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் இருவரும் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவர் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். மற்றவர் இன்னமும் கணினித்துறையில் வேலை செய்கிறவர். ஒலிவாங்கிக்கு முன் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்த உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

முதலில் எங்கள் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றாண்டு நடைபவனிக்கு ஒரு பெரிய பதாகை செய்யத் தீர்மானித்தோம். அதில் முதல் நான்கு அதிபர்களின் பெயர்களும் அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளும் வரவேண்டும். விழாக்குழுக் கூட்டம் இரவு ஒன்பது மணியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, எல்லோருக்கும் களைப்பு. கைத்தொலைபேசியை எடுத்து ஒரு தேடுபொறியிடம் கேட்டோம். இணைப்புகளுக்கெல்லாம் மேலே, நல்ல தமிழில், ஐந்து வரியில் விடை வந்தது. அப்படியே படியெடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டோம்.

அடுத்த நாள் பதாகையின் மாதிரி வட்ஸ்அப்பில் சுற்றியது. எண்பது வயதைக் கடந்த அக்கா ஒருவர் உடனே தொலைபேசி எடுத்தார். "பிள்ளையள், இரண்டாவதா போட்டிருக்கிற அம்மா எங்கட பள்ளிக்கூடத்தில ஒருநாளும் படிப்பிக்கேல்லை. அவ மற்றப் பள்ளிக்கூடத்து அதிபர். எங்கட அம்மா எங்க?" என்றார்.

எங்கள் கல்லூரியின் பெயரை ஒத்த பெயருடைய கல்லூரி வேறொரு மாவட்டத்திலும் உண்டு. இயந்திரம் இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தது. ஆண்டுகள் எங்களுடையவை, ஒரு பெயர் அவர்களுடையது. அதனால் விடுபட்டுப்போனவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடவிடாமல் நடத்திய அதிபர். அவரின் படம் இந்த மண்டபத்துச் சுவரில்தான் தொங்குகிறது. நீங்கள் திரும்பிப் பார்த்தால் கடிகாரத்துக்கு இடப்பக்கம் இருக்கிறார். நாங்கள் கூட்டம் நடத்தியதும் இதே மண்டபத்தில்தான்!

பிறகுதான் அந்த விடையின் ஓரத்தில் இருந்த சின்ன இணைப்புக் குறிகளை அழுத்திப் பார்த்தோம். ஒன்று மற்றக் கல்லூரியைப் பற்றிய பக்கம். மற்றது பாடசாலைகளின் வெறும் பட்டியல். விடை சொன்னதை இரண்டு பக்கமும் சொல்லவில்லை. அந்த ஐந்து வரியையும் அந்த வடிவத்தில் உலகத்தில் எவரும் எழுதியிருக்கவில்லை. யாரிடம் போய்த் திருத்தம் கேட்பது?

எங்களுக்குப் படிப்பித்த நூலக ரீச்சர் கேள்விக்கு நேரே விடை சொல்லமாட்டார். "மூன்றாவது இறாக்கை, மேல்தட்டு, போய்ப் பார்" என்பார். பார்த்துவிட்டு வந்தால் "எந்தப் புத்தகம்? யார் எழுதினது? எத்தனையாம் பக்கம்?" என்று கேட்பார். அன்று அவர்மீது கோபம் கோபமாக வரும்.

தேடுபொறிகளும் தொடக்கத்தில் அந்த ரீச்சரைப் போலத்தான் இருந்தன. லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் கூகிளைத் தொடங்கியபோது அது ஒரு பக்கத்தை மதிப்பிட்ட முக்கிய வழி, மற்றப் பக்கங்களில் எத்தனை, எத்தகையவை அதற்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று பார்ப்பதுதான். கேள்வி கேட்டால் பத்து இணைப்புகளைத் தந்து வழிகாட்டும். 2012இல் ஆட்கள், இடங்கள் பற்றிய தகவல்களைப் பக்கத்தில் ஒரு பெட்டியில் காட்டத் தொடங்கியது. அதற்குப் பின் பிறருடைய பக்கத்திலிருந்து ஒரு பந்தியை வெட்டி எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் வழக்கம் வந்தது. 2024 மே மாதத்திலிருந்து, முதலில் அமெரிக்காவிலும் பிறகு மற்ற நாடுகளிலும், பல பக்கங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவு தானே புதிதாக எழுதும் சுருக்கம் மேலே வருகிறது. வந்த புதிதில் பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்றும், நாளுக்கு ஒரு சின்னக் கல்லாவது சாப்பிடலாம் என்றும் சொல்லி உலகத்தையே சிரிக்க வைத்தது. இரண்டுமே யாரோ பகிடிக்கு எழுதியவை. பகிடி இருந்த இடத்திலேயே அதைப் படித்திருந்தால் பகிடி என்று விளங்கியிருக்கும்.

நேரடி விடையே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஒரு அவுன்ஸ் எத்தனை கிராம், இன்று டொலர் என்ன விலை என்று அறிய நாலு பக்கத்தைத் திறந்து டேட்டாவைச் செலவழிக்கத் தேவையில்லை. கண்பார்வை குறைந்த எங்கள் வயதுக்காரருக்கு அது பெரிய உபகாரம். ஆனால் பின்னால் நடப்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இணையத்தில் எழுதுகிறவர்களுக்கும் தேடுபொறிக்கும் இடையில் எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. என் பக்கத்தை நீ படித்து அட்டவணைப்படுத்து; பதிலுக்கு வாசகரை என்னிடம் அனுப்பு. வாசகர் வந்தால் விளம்பரம் வரும், சந்தா வரும், நன்கொடை வரும். ஒன்றும் வராவிட்டாலும் "நீங்கள் எழுதிய ஆண்டு பிழை" என்று ஒரு கடிதமாவது வரும். விடை வாசலிலேயே கிடைத்துவிட்டால் வாசகர் உள்ளே வரமாட்டார். அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2025 மார்ச்சில் 900 பேரின் தேடல்களைக் கவனித்தது. சுருக்கம் வராதபோது 100 தடவையில் 15 தடவை ஏதாவது ஓர் இணைப்பை அழுத்தியிருக்கிறார்கள். சுருக்கம் வந்தபோது அது 8 தடவையாகக் குறைந்தது. சுருக்கத்துக்குள்ளேயே மூலம் என்று காட்டப்பட்ட இணைப்பை அழுத்தியது 1 தடவை. எங்களைப் போலத்தான் எல்லோரும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2025 ஒக்டோபரில், மனிதர் தன் பக்கங்களைப் பார்க்கும் தடவைகளின் எண்ணிக்கை முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 8 வீதம் குறைந்திருப்பதாக அறிவித்தது. தேடுபொறிகள் நேரே விடை கொடுப்பதை ஒரு காரணமாகச் சொன்னது. விக்கிப்பீடியாவை எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வாசகராக வந்து, ஒரு பிழையைத் திருத்தி, பிறகு எழுத்தாளரானவர்கள். வாசகர் வராத இடத்தில் அடுத்த தொண்டர் எங்கிருந்து வருவார்?

அமெரிக்காவில் பாடல் வரிகளை எழுதிச் சேர்க்கும் ஜீனியஸ் என்ற இணையத்தளம் ஒன்று உண்டு. கூகிள் தன் தேடல் பக்கத்திலேயே பாடல் வரிகளைக் காட்டத் தொடங்க, அவை தாங்கள் காதால் கேட்டு எழுதியவைதானே என்று ஜீனியஸுக்குச் சந்தேகம். ஆங்கிலத்தில் எழுத்து விடுபட்ட இடத்தில் போடும் காற்புள்ளி போன்ற குறியைச் சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் வளைவாகவும் மாற்றி வைத்தார்கள். அவற்றை மோர்ஸ் குறியீடாக வாசித்தால் 'கையும் களவுமாக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும்! அதே நேர், வளைவு வரிசை நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் கூகிளிலும் இருந்தது. அனுமதி பெற்ற இன்னொரு நிறுவனத்திடமிருந்தே வரிகளைப் பெறுவதாகக் கூகிள் சொன்னது. ஜீனியஸ் 2019இல் வழக்குப் போட்டுத் தோற்றது. வரிகளின் பதிப்புரிமை பாடலாசிரியர்களுடையது, எழுதியெடுத்த உழைப்புக்கு உரிமை கோர முடியாது என்ற நிலை. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது.

வேண்டாம் என்று தளங்கள் மறுக்கலாமே என்பீர்கள். கூகிளின் சுருக்கத்தில் தன் எழுத்து வராமல் ஒரு தளம் தடுக்கலாம். ஆனால் சுருக்கம் அறிமுகமான காலத்தில், அதற்கான கட்டளையைப் போட்டால் சாதாரண தேடலில் இணைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விவரமும் போய்விட்டது. விவரம் இல்லாத இணைப்பை யார் அழுத்துவார்?

பெரிய தளங்கள் வழக்குப் போடும், சமாளிக்கும். எங்கள் கவலை சின்ன இடங்களைப் பற்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்கத்தில் தனியொருவராக நின்று உழைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் விழா மலர்களையும் வருடிச் சேர்க்கும் நூலகம் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கி, தொண்டர்களின் கையாலும் நன்கொடையாலும் நடக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்த ஊர்க்காரர் நாங்கள். ஒரேயொரு பிரதி என்றால் என்ன என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கதையும் ஒரேயொரு பிரதியில்தான் இருந்தது. அந்த அதிபரைப் பற்றி அவருடைய மாணவி ஒருவர் பொன்விழா மலரில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். கல்லூரி நூலகத்தில் இருந்த பிரதிகள் 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. மிஞ்சியது, தொலைபேசி எடுத்த அந்த அக்காவின் இரும்புப் பெட்டியில் இருந்த பிரதி. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். இணையத்தில் ஏறாத அந்த ஆறு பக்கத்தை இயந்திரம் வாசித்திருக்க முடியாது. அதற்காக "தெரியாது" என்றும் அது சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெயரை எடுத்து இடைவெளியை நிரப்பிவிட்டது.

தங்கையரே, உங்கள் ஒப்படைகளுக்கு அந்தச் சுருக்கத்தைப் பார்ப்பீர்கள். பார்க்க வேண்டாம் என்றால் கேட்கமாட்டீர்கள், நாங்களே பார்க்கிறோம். ஆட்பெயர், ஆண்டு, மருந்தின் அளவு, ஊரின் வரலாறு என்று வந்தால் மட்டும் கீழே இறங்கி இணைப்பை அழுத்துங்கள். எழுதியவரின் பெயரைப் பாருங்கள். பெயரே இல்லாவிட்டால் அந்த வரியை ஒப்படையில் எழுதாதீர்கள். பிழை கண்டால் அந்தத் தளத்துக்கு எழுதுங்கள். விக்கிப்பீடியா என்றால் நீங்களே திருத்தலாம்.

பதாகையைத் திரும்ப அச்சிட்டோம். அந்தச் செலவை விழாக்குழுவில் இருந்தவர்கள் எங்கள் கைக்காசில் பகிர்ந்துகொண்டோம். சங்கக் கணக்கில் போடவில்லை என்று பொருளாளர் அக்கா சொல்லச் சொன்னார். பொன்விழா மலரை வருடி எண்ணிம நூலகத்தில் சேர்க்கும் வேலையும் தொடங்கிவிட்டது. வருடினால் படமாகத்தான் நிற்கும். தேடினால் பிழையில்லாமல் அகப்பட வேண்டுமென்றால் யாராவது இருந்து தட்டச்சுச் செய்வது நல்லது. அதற்குப் பன்னிரண்டு பிள்ளைகள் தேவை. வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகத்தில் இருப்போம். வீட்டில் அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ பழைய கல்லூரிச் சஞ்சிகைகள் இருந்தால் கேட்டு எடுத்து வாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. பிரதியை அன்றே திருப்பித் தருவோம்.