ஆடு குட்டி போடட்டும், அப்புறம் போவோம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் சுற்றுலா பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.)



இந்த வருஷம் மூணாறு பக்கத்திலுள்ள எரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. பிப்ரவரியில் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் சொல்லியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் பரீட்சைக்கு முன்னால் போய்வந்துவிடலாம் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் பயணத்தை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்று கேட்கவே எழுந்திருக்கிறேன்.

எரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பூங்கா. 1975இல் சரணாலயமாக அறிவித்து, 1978இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். நம் மாநில விலங்கான வரையாடு உலகிலேயே அதிகமாக வாழ்வது கேரளத்திலுள்ள இந்த மலையில்தான். அது குட்டி போடும் காலம் என்பதால், வழக்கமாக பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பூங்காவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுவார்கள். பிப்ரவரியில் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஏப்ரலில் போனால் தாய் ஆட்டின் பின்னால் குட்டிகள் துள்ளுவதைப் பார்க்கலாம்.

அங்கே என்னென்ன செய்யலாம் என்று பலர் கேட்டீர்கள். ராஜமலைப் பகுதிக்கு மட்டுமே நமக்கு அனுமதி. நம் வண்டியைக் கீழே விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏற வேண்டும். இறங்கியதும் சுமார் ஒரு கிலோமீட்டர் தார் ரோட்டில் ஏற்றமாக நடக்கலாம். முட்டி வலி உள்ளவர்கள் அவசரப்படாமல் நின்று நின்று ஏறுங்கள். ஆடுகள் பக்கத்திலேயே மேயும். தொடக்கூடாது, தின்பண்டம் போடக்கூடாது. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான்.

இளைஞர்கள் சிலர் ஆனைமுடி ஏற வேண்டும் என்கிறார்கள். 2,695 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம்தான் தென்னிந்தியாவிலேயே உயரமானது. ராஜமலையிலிருந்து கண்ணாரப் பார்க்கலாம், ஏற விடமாட்டார்கள். "தெரிந்தவரைப் பிடித்து உள்ளே போய்விடலாம்" என்ற பேச்சு தயவுசெய்து வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் ரோட்டிலேயே சின்னார் சரணாலயம் வருகிறது. அங்கே வழிகாட்டியோடு தூவானம் அருவிப் பக்கம் நடத்திக் கூட்டிப் போவார்கள். தீ அபாயம் இருந்தால் நிறுத்திவைக்கக்கூடும் என்பதால் முன்னாலேயே கேட்டுக்கொள்வோம். மறையூர் தாண்டினால் லக்கம் அருவி. அன்றிரவு மூணாறில் தங்கி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராஜமலை. டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துவிடலாம்.

"இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஏன் போக வேண்டும்?" என்று ஒரு அம்மா கேட்டார். வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். அந்த மலையின் புல்வெளியும் சோலையும்தான் அசல். மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது அவைதான். கிழக்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் பாம்பாறாக ஓடி அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலைப் பக்கத்து வயலுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர்தான். நாம் ஒரு நாள் போய்ப் பார்ப்பது வட்டியில் ஒரு துளி. அசலில் கை வைத்தால் நமக்குத்தான் நஷ்டம்.

எனவே, பரீட்சை முடிந்த பின் ஏப்ரல் கடைசி வாரம் என்று முன்மொழிகிறேன். சம்மதம் உள்ளவர்கள் பெயரையும், வரும் நபர்கள் எண்ணிக்கையையும் செயலாளரிடம் கொடுங்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதுவும் வேண்டாம்.