நன்னன் ஆண்ட நம்ம ஊர்



கிரேக்க நகர அரசுன்னா ஏதென்ஸ், ஸ்பார்ட்டான்னு சொல்லிடுவோம். கி.மு. 490-ல் மாரத்தான் போரில் ஏதென்சுக்குத் துணை வந்த ஒரே ஊர் பிளாட்டியா. அது யாருக்கும் ஞாபகமில்லை. நம்ம பக்கத்துச் செங்கமும் அப்படித்தான். மூவேந்தரோடு பாடம் முடிஞ்சுபோச்சு. ஆனால் மலைபடுகடாம் 583 அடியும் செங்கண்மாவை ஆண்ட நன்னனுக்கே! கலசப்பாக்கத்துச் செய்யாறு அதில் சேயாறு. நவிர மலை நம்ம பர்வதமலைதான் என்பார்கள். யானையை விரட்டக் குறவர் பரணிலிருந்து எறியும் கவண்கல் படும், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கன்னு கூத்தருக்கு எச்சரிக்கை வேற. அசல் ரூட் மேப்புங்க!

வழிநெடுக நடுகல் உண்டென்றும் வருகிறது. செங்கம் வட்டார நடுகற்களைத் தொல்லியல் துறை 1972-ல் நூலாகவே போட்டது. நம்மில் பலர் சிவில்காரங்க. வயலோரக் கல்லைக் கடைக்காலுக்குப் போடுமுன், எழுத்து இருக்கான்னு ஒருதடவை திருப்பிப் பாருங்க.