இணையவழி விவாகரத்து மனுவும் வக்கீலின் துணையும்
(கட்டபெட்டில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மங்கள காரியங்களைப் பேசும் சபையில் விவாகரத்தைப் பற்றிப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயின், சேர்ந்து வாழ இயலாத தம்பதிகளை ஊர்ப் பெரியோர் கூடிப் பிரித்துவைத்தலும், பிரிந்தவர் மறுமணம் புரிதலும் நம் படக சமுதாயத்திற்குப் புதியன அல்ல; நம் ஹட்டிகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கங்களே. ஆகையால் இதனைப் பேச நாம் கூசவேண்டுவதில்லை.

இக்காலத்தில், “கம்ப்யூட்டரில் மனுப் போட்டால் போதும், விவாகரத்து வீடு தேடி வரும்” என்றொரு பேச்சு பரவியிருக்கிறது. இஃது உண்மையன்று. கோர்ட்டுகளின் இணையதளத்தில் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துகொண்டு, மனுவையும் ஆதாரங்களையும் ஏற்றி, கட்டணத்தையும் அங்கேயே செலுத்தலாம் என்பது மெய்யே. ஆனால் இணையத்தின் வழியே செல்வது மனு மாத்திரமே. விவாகத்தை முறிப்பது நீதிபதியின் தீர்ப்பு ஒன்றேயாம்.

சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தந்த சட்டம் 1949-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. பின்னர் 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் வந்தது. அச்சட்டத்தில் 1976-ல் பரஸ்பர சம்மத விவாகரத்தும் சேர்க்கப்பட்டது. ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்த இருவரும் மனமொத்து ஒரே மனுவில் கையொப்பமிடுதல் வேண்டும். ஆறு மாதம் கழித்து இருவரும் மீண்டும் தம் சம்மதத்தைத் தெரிவித்தல் வேண்டும். தகுந்த காரணம் இருப்பின் இவ்வாறு மாத இடைவெளியைக் கோர்ட்டு தள்ளிவிடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் கூறியிருக்கிறது. தீர்ப்புக்கு முன் இருவரில் ஒருவர் மனம் மாறினாலும் அம்மனு நில்லாது.

பிள்ளைகளும் இல்லை, சொத்து வழக்கும் இல்லை, கொடுக்கல் வாங்கல் யாவும் தீர்ந்தன, இருவருக்கும் உண்மையான சம்மதம் உண்டு என்றால், காரியம் எளிது. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலின்றியும் கட்சிக்காரர் தாமே நின்று பேசலாம். 1984-ஆம் வருஷத்துச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. அப்போதும் மனுவை அறிந்தவர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுதல் நலம்.

ஆயின், எப்பொழுது வக்கீலின் துணை அவசியம்? மற்றவர் சம்மதியாதபோது, அடி உதை, மிரட்டல் உள்ளபோது, குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கு எழும்போது, கணவனோ மனைவியோ வெளிநாட்டில் இருக்கும்போது. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த அன்றே வக்கீலைக் காணவேண்டும். “நான் போகாவிட்டால் வழக்கு நடவாது” என்றெண்ணி வீட்டிலிருப்பவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு பிறந்துவிடும்.

குடும்பம் பிழைக்கும் தேயிலைத் தோட்டம் மாமனார் பெயரில் இருக்கிறது. பல்லாண்டு அதிலே கொழுந்து பறித்த மருமகளுக்கோ தன் பெயரில் யாதொன்றும் இல்லை. அவளிடம், “ஜீவனாம்சம் வேண்டேன்” என்றெழுதிய காகிதத்தை நீட்டிக் கையொப்பம் கேட்டால், அவள் அன்று அதனைக் கொடாதிருப்பாளாக. ஜீவனாம்சமும், வழக்கு நடக்குங்கால் இடைக்காலச் செலவும் கேட்கச் சட்டம் இடந்தருகிறது. எதனைப் பெறுகிறோம், எதனை விடுகிறோம் என்று அறிந்த பின்னரே பேனாவைத் தொடவேண்டும்.

இன்னுமொரு செய்தி நமக்கு மிக முக்கியமானது. ஊர்ப் பெரியோர் தீர்த்துவைத்த விவாகரத்தை 1955-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அடியோடு தள்ளவில்லை. வழக்கத்தால் வந்த உரிமையைக் காத்திருக்கிறது. எனினும் அவ்வழக்கம் உண்டென்பதைச் சொல்பவரே நிரூபித்தல் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் விளக்கியது. முத்திரைத்தாளில் எழுதிய விடுதலைப் பத்திரம் தானாகவே தீர்ப்பாகிவிடாது. அதனை நம்பி மறுமணம் செய்தபின் முதல் விவாகம் முறியவில்லை என்று தெரியவந்தால், இரண்டாம் விவாகம் செல்லாது. இருதாரக் குற்ற வழக்கும் வரலாம். புது மனைவியும் அவள் பெறும் மக்களும் துன்புறுவர். ஆகையால் ஊரார் முடிவு எதுவாயினும் கோர்ட்டின் தீர்ப்பையும் பெற்றுக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்தபின்னும் அப்பீலுக்குரிய 90 நாள் கழியுமுன் மறுமணத்திற்கு நாள் குறியாதீர்கள்.

“வக்கீலுக்குப் பணம் ஏது?” என்பீர்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, ஸ்திரீகளுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானமுடைய ஆடவர்க்கும் உண்டு. உதகையிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வீட்டில் கொடுமையென்றால், 181 என்ற எண்ணுக்கு ஸ்திரீகள் உடனே சொல்லலாம்.

நம் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். இருவரையும் சேர்த்துவைக்க உங்களால் இயன்றமட்டும் முயலுங்கள். இயலாதாயின், இருவரையும் கையொப்பமிடச் சொல்லுமுன், அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, “அம்மா, இது உன் மனம்தானா?” என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது.