கொழுந்து கிள்ளும் விரலுக்கு வரும் செய்தி



நரம்பு தசையை எப்படி இயக்குகிறது என்பதை இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அதற்கான காரணம் நம் மலையகத்திலேயே இருக்கிறது.

1977, 78ஆம் ஆண்டுகளில் நம் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளுக்குக் கைகால் விழுந்துபோயிற்று. நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும், தொழில்சார் நோய்களை ஆராய்ந்த ஜெயரத்னமும் காரணத்தைத் தேடினார்கள். தேடல் நல்லெண்ணெயில் போய் முடிந்தது. பிள்ளை பெரியமனுஷியானால் தனியே உட்காரவைத்து, உடம்புக்குப் பலம் என்று நல்லெண்ணெயை நிறையக் கொடுப்பது நம் வழக்கம். அந்த எண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேட் என்ற நஞ்சு கலந்திருந்தது. கனிம எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். 1981இல் இந்த ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது.

இதைக் கேட்டதும் சடங்கைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்மார் பிள்ளை தேறட்டும் என்றுதான் ஊட்டினார்கள். எண்ணெயைக் கெடுத்தது அவர்கள் கையல்ல.

அந்தப் பிள்ளைகளுக்குள் என்ன நடந்தது? முதலில் கொழுந்து எடுக்கும் கையைப் பார்ப்போம். பெருவிரலும் சுட்டுவிரலும் கூடி ஒரு கிள்ளு. உடனே விரிந்து அடுத்த கிள்ளு. இதற்கு ஆணையிடும் நரம்பணு கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கிறது. அதன் ஒரே இழை தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் கடந்து விரலடித் தசைவரை வருகிறது. பாதத்துக்குப் போகும் இழை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம்.

இழையின் நுனிவரை ஓடிவரும் மின்துடிப்பு அங்கே நின்றுவிடும். நரம்பும் தசையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடைவெளி சுமார் 50 நனோமீற்றர். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. துடிப்பு வந்ததும் நுனிக்குள் கல்சியம் நுழைகிறது. அங்கே காத்திருக்கும் நுண்பைகள் திறந்து அசிட்டைல்கோலினைக் கொட்டுகின்றன. ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். எதிரே தசையில் இருக்கும் ஏற்பி, ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று அமைத்த ஒரு வாசல். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து அமர்ந்தால்தான் அது நன்றாகத் திறக்கும். சோடியம் உள்ளே பாயும், தசை சுருங்கும், கொழுந்து கையில் இருக்கும்.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அடுத்த நொடித்துளிதான். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி, வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஏறத்தாழ ஒரு மில்லி செக்கனுக்குள் வெட்டிவிடுகிறது. வெட்டாவிட்டால் அடுத்த ஆணையைத் தசை கேட்காது.

அந்தப் பிள்ளைகளைத் தாக்கிய நஞ்சு ஏற்பியை முடக்குவதல்ல. சில வாரம் கழித்து நரம்பு இழையையே நுனியிலிருந்து சிதைப்பது. நீளமான இழைகள் முதலில் கெடும். அதனால்தான் பாதம் முந்தி விழும், கை பிந்தி விழும்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலேயே நேரும் கேட்டையும் இதே சேனாநாயக்க கண்டு எழுதினார். பேராதனையிலிருந்து அவரும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 1987இல் பத்து நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. ஒர்கனோபொஸ்பேட் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினை வெட்டும் அந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறது. வியர்வை, எச்சில், வாந்தி என்று முதல்நாள் தொல்லைகள் வரும். அத்ரொப்பீன் ஊசியில் அடங்கும். ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் வேறொன்று தொடங்கலாம். "தலையைத் தூக்குங்க" என்றால் தலையணையிலிருந்து தூக்க முடியாது. அதன்பின் மூச்சுத் தசைகள் தளரும். தசையில் உள்ள ஏற்பி வேறு வகை என்பதால் அத்ரொப்பீன் அங்கே உதவாது. மூச்சு இயந்திரத்தில் தாங்கிப் பிடித்தால், நாள்கள் கடந்து தசை மீளும்.

ஆகவே லயத்து வீடுகளில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூச்சிமருந்து உள்ளே போனவர் மறுநாள் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், டொக்டர் விடும்வரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் அந்த நாலு நாளும் அவர் கழுத்தைக் கவனியுங்கள். தலை தூக்கச் சிரமப்பட்டால், இரவானாலும் நர்ஸை எழுப்புங்கள்.